இரண்டு ஊர், ஒரு ரத்த அழுத்தம்: ஒரு கட்டுமான ஊழியரின் நிகழ்வு ஆய்வு

சிங்கப்பூரில் வெளிநாட்டு ஊழியர் தங்குவிடுதிகளுக்கு அருகே இயங்கும் ஒரு மருத்துவ நிலையத்தில் நோயாளிகளை ஒருங்கிணைக்கும் வேலையில் இருக்கிறேன். இங்கே வருபவர்களில் தமிழ் பேசுபவர்கள் நிறைய. அவர்களில் ஒருவரின் கதையை, அவருடைய ஒப்புதலோடு, இங்கே பதிவு செய்கிறேன். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்கள் மாற்றப்பட்டிருக்கின்றன. ரத்த அழுத்த அளவுகளும் முடிவுகளும் நடந்தபடியே.

பின்னணி

உயர் ரத்த அழுத்தம் குறித்து உலகச் சுகாதார நிறுவனம் தன் முதல் உலகளாவிய அறிக்கையை 2023 செப்டம்பரில் வெளியிட்டது. அதன்படி, 30 முதல் 79 வயதுக்குள் இருப்பவர்களில் ஏறத்தாழ 130 கோடிப் பேருக்கு இந்தப் பிரச்சினை இருந்தது. அவர்களில் கிட்டத்தட்ட பாதிப் பேருக்கு அது இருப்பதே தெரியாது. அழுத்தம் கட்டுக்குள் இருப்பது ஐந்தில் ஒருவருக்குத்தான். இத்தனைக்கும் மருந்துகள் பழையவை, மலிவானவை, உலகம் முழுக்கக் கிடைப்பவை. பக்கவாதம், மாரடைப்பு, சிறுநீரகப் பழுது எல்லாம் இதிலிருந்து கிளம்புகின்றன என்பதும் எல்லாருக்கும் தெரிந்ததே. ஆகவே ஐந்தில் நான்கு பேர் எங்கே, எப்படித் தவறிப்போகிறார்கள் என்பதுதான் கேள்வி.

சிங்கப்பூர்க் குடியிருப்பாளர்களில் 18 முதல் 74 வயதுக்குட்பட்டவர்களிடையே 2017-இல் 24.2 விழுக்காட்டினருக்கு உயர் ரத்த அழுத்தம் இருந்தது. 2021-2022 ஆய்வில் அது 37 விழுக்காடாகிவிட்டது. இந்தக் கணக்கில் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் மட்டுமே உண்டு. 2023 ஜூலையில் தொடங்கிய 'ஹெல்தியர் எஸ்ஜி' திட்டமும் அவர்களுக்கானதுதான். ஒரே குடும்ப மருத்துவர், நீண்டகாலத் தொடர்பு என்ற அதன் அடிப்படை நல்ல அடிப்படை. பெர்மிட்டில், அதாவது வேலை அனுமதிச் சீட்டில், வந்து வேலை செய்யும் வெளிநாட்டினருக்கு வேறு ஏற்பாடு இருக்கிறது. 2020-இல் கொவிட் தங்குவிடுதிகளில் பரவியபோது கற்ற பாடத்திலிருந்து பிறந்த ஏற்பாடு அது. 2022 ஏப்ரல் முதல் விடுதிகளில் தங்கும் ஊழியர்களுக்கும் கட்டுமானம், கப்பல் பட்டறை, பதனீட்டுத் துறை ஊழியர்களுக்கும் முதலாளியே அடிப்படை மருத்துவத் திட்டம் வாங்கித் தர வேண்டும். மருத்துவரை நேரில் பார்த்தால் ஊழியர் கட்டுவது 5 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), தொலைமருத்துவம் வழியே பார்த்தால் 2 வெள்ளி. சர்க்கரை, ரத்த அழுத்தம் போன்ற நீண்டகால நோய்களும் இதில் அடங்கும். ஆண்டுக்கொரு அடிப்படைப் பரிசோதனையும் உண்டு.

அந்தப் பக்கம் தமிழ்நாட்டில், 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் ரத்த அழுத்த, சர்க்கரை மாத்திரைகளை வீட்டு வாசலுக்கே கொண்டுபோய்க் கொடுக்கிறது. 2024-இல் ஐக்கிய நாடுகளின் விருது பெற்ற திட்டம்.

இரண்டு பக்கமும் திட்டம் இருக்கிறது, பணமும் பெரிய தடையில்லை. இருந்தும் இந்த மனிதரின் அழுத்தம் இரண்டு ஆண்டுகளாக யார் கண்ணிலும் சரியாகப் படவில்லை.

நோயாளி

46 வயது. தஞ்சாவூர்ப் பக்கத்துக் கிராமம். சிங்கப்பூரில் பதினான்கு ஆண்டுகளாகப் பலகை அடிக்கும் வேலை, அதாவது கான்கிரீட் ஊற்றுவதற்கு முன் அச்சுப் பலகைகளைப் பொருத்தும் வேலை. பாதி நாள் உயரத்தில்தான் நிற்க வேண்டும். மனைவி, கல்லூரியில் படிக்கும் மகள், பள்ளியில் படிக்கும் மகன் ஊரில். மனைவிக்குச் சர்க்கரை. அவருக்கான மாத்திரையை மாதாமாதம் தன்னார்வலர் ஒருவர் வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார். வீட்டுக்காரர் வெளிநாட்டில் இருப்பதால் அவர் பெயர் அந்தப் பட்டியலில் இல்லை.

முதல் வருகை: கண்டது

அவர் வந்தது முதுகுவலிக்கு. "ஊசி ஒன்னு போட்டு, மாத்திரை குடுத்தா போதும், நாளைக்கு வேலைக்குப் போகணும்" என்றார். வழக்கம்போல் செவிலியர் ரத்த அழுத்தம் பார்த்தார். 188/114. ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார வைத்து, கால்களைத் தரையில் ஊன்றச் சொல்லி, கையை மேசையில் வைத்து மறுபடி பார்த்ததில் 182/110.

இந்த இரண்டாவது அளவு முக்கியம். லாரியில் இறங்கி வேகமாக நடந்து வந்தவருக்கும், அப்போதுதான் காப்பி குடித்துவிட்டு, சிகரெட் பிடித்துவிட்டு வந்தவருக்கும் முதல் அளவு ஏறித்தான் காட்டும். சிறிய கைப்பட்டையைப் பருத்த கையில் கட்டினாலும் அப்படியே. இங்கே இரண்டு அளவுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

தலைவலி, நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், கண் மங்கல், கைகால் மரத்துப்போதல் எதுவும் இல்லை என்றார். மருத்துவர் பரிசோதித்ததிலும் நரம்புக் கோளாறு தெரியவில்லை. இதயத் துடிப்பு வரைபடத்தில் இதயத்தின் இடது அறை கொஞ்சம் தடித்திருப்பதற்கான அறிகுறி இருந்தது. சிறுநீரில் புரதம் லேசாக இருந்தது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் இது நேற்று வந்த அழுத்தம் இல்லை.

"முன்னாடி பிபி இருந்துச்சா?" என்று மருத்துவர் கேட்டதற்கு "இல்ல" என்றார். "மாத்திரை சாப்பிடுறீங்களா?" "இல்ல."

முதல் முடிவும் அதன் காரணமும்

இந்த அளவு அழுத்தத்தைப் பார்த்ததும் ஆம்புலன்ஸ் கூப்பிட வேண்டும் என்று பலர் நினைப்பார்கள். உறுப்புப் பாதிப்பு உடனடியாக நடந்துகொண்டிருப்பதற்கான அறிகுறி இல்லாதபோது, வாய்வழி மாத்திரை தொடங்கிச் சில நாளில் மறுபடி பார்ப்பதே சரியான வழி. ஒரே நாளில் வேகமாக இறக்கினால் மூளைக்குப் போகும் ரத்தம் குறைந்து கேடு வரலாம். எனவே மருத்துவமனைக்கு அனுப்பவில்லை.

அம்லோடிபின் என்ற ரத்த அழுத்த மாத்திரை 5 மில்லிகிராம், நாளொன்றுக்கு ஒன்று. சிறுநீரகச் செயல்பாட்டுக்கும் பொட்டாசியத்துக்கும் ரத்தம் எடுக்கப்பட்டது. அந்த முடிவு வரும்வரை இரண்டாவது மருந்து வேண்டாம் என்று மருத்துவர் நினைத்தார். சிறுநீர் பிரிக்கும் வகை மாத்திரையை அவர் தவிர்த்தார். நண்பகல் வெயிலில் உடல் நனைய வேலை செய்பவருக்கு நீரும் உப்பும் ஏற்கெனவே போய்க்கொண்டிருக்கும். முதுகுவலிக்குப் பாரசிட்டமால். உயரத்தில் ஏறாத வேலை கொடுக்கும்படி கம்பெனிக்கு ஒரு கடிதம். மூன்று நாளில் வரச் சொன்னோம்.

அவர் வந்தார். அழுத்தம் 186/112.

மைலோ டின்

மருந்து வேலை செய்யவில்லை என்று முடிவு கட்டி அளவைக் கூட்டுவது ரொம்பச் சுலபம். பல இடங்களில் அப்படித்தான் நடக்கும். மருத்துவர் அதைச் செய்யவில்லை. "வெளியே உட்காருங்க, தம்பி பேசுவாரு" என்று என்னிடம் அனுப்பினார்.

'மாத்திரை சாப்பிட்டீங்களா' என்ற கேள்வியை நான் தவிர்த்துவிடுவேன். அதற்கு எல்லாரும் 'ஆமா' என்பார்கள். "அண்ணே, ரூம்ல மாத்திரை எதுல வெச்சிருக்கீங்க?" என்று கேட்டேன். மைலோ டின் என்றார். சாயங்காலம் அதை அப்படியே எடுத்துவரச் சொன்னேன். எடுத்து வந்தார்.

டின்னில் இருந்தவை: நாங்கள் கொடுத்த அம்லோடிபின் பொட்டலம், பிரிக்கப்படவே இல்லை. டைக்லோஃபெனாக் என்ற வலி மாத்திரை, பாதி தீர்ந்த அட்டை. ஒரு வாயு மாத்திரை அட்டை. அப்புறம் வெள்ளி நிற அட்டையிலிருந்து கத்தரியால் வெட்டியெடுத்த நான்கு மாத்திரைகள். ஊர் மருந்துக்கடையில் பத்து மாத்திரை அட்டையில் ஆறு வேண்டுமென்றால் ஆறை வெட்டிக் கொடுப்பார்கள். பெயரும் காலாவதித் தேதியும் அச்சடித்த பக்கம் கடைக்காரரிடமே தங்கிவிடும். இந்த நான்கின் முதுகில் ஓர் எழுத்தின் பாதியும் ஒரு கோடும் மட்டும் இருந்தன.

"இது எதுக்குண்ணே?"

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "பிபி மாத்திரைதான் தம்பி. நீங்க குடுத்ததும் அதேதான். டாக்டர் அம்லோன்னு சொன்னாருல்ல, அப்பவே தெரிஞ்சுது."

"அப்புறம் ஏன் சாப்பிடல?"

"கால் வீங்கிடுது. பூட்ஸ் ஏற மாட்டேங்குது. கட்டாம நின்னா சேஃப்டி ஆளு சத்தம் போடுவாரு. கட்டி நின்னா சாயங்காலம் கால கழட்டிப் போட்டாத் தேவலைன்னு இருக்கு."

மாத்திரை ஏன் நின்றது

அன்றிரவே அவருடைய மனைவி ஊர் மருத்துவரின் பழைய சீட்டுகளை வாட்ஸ்அப்பில் படம் பிடித்து அனுப்பினார். அவற்றைத் தேதி வரிசையில் அடுக்கியதும் எல்லாம் தெளிவானது.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் விடுப்பில் ஊருக்குப் போனபோது முதுகுவலிக்காக ஒருவரிடம் காட்டியிருக்கிறார். டைக்லோஃபெனாக் கொடுத்திருக்கிறார்கள். அது கேட்டது. சிங்கப்பூர் திரும்பும்போது மொத்தமாக வாங்கி வந்து, வலிக்கும் நாளெல்லாம் போட்டுக்கொண்டார். வலிக்காத நாள் குறைவு. இந்த வகை வலி மாத்திரைகள் உடலில் உப்பையும் நீரையும் தேக்கி ரத்த அழுத்தத்தை ஏற்றும், சிறுநீரகத்தையும் சோதிக்கும்.

அடுத்த விடுப்பில் வேறொரு மருத்துவர் அழுத்தம் பார்த்து, அதிகம் என்று அம்லோடிபின் 5 கொடுத்திருக்கிறார். சில வாரம் கழித்துப் பார்த்தால் குறையவில்லை. 10 ஆக்கியிருக்கிறார். டைக்லோஃபெனாக் பற்றி அவருக்குத் தெரியாது, அது வேறு மருத்துவர் எழுதியது. அம்லோடிபின் 10 மில்லிகிராமில் கணுக்கால் வீங்குவது பலருக்கு நடப்பது, அளவு கூடக் கூட வீக்கமும் கூடும். சிங்கப்பூர் திரும்பினார், பூட்ஸ் ஏறவில்லை, மாத்திரையை நிறுத்தினார். வலி மாத்திரை தொடர்ந்தது.

ஆக, வலிக்கு ஒரு மாத்திரை. அது ஏற்றிய அழுத்தத்துக்கு ஒரு மாத்திரை. அது பத்தாமல் இரட்டிப்பு. அந்த இரட்டிப்பால் வீக்கம். வீக்கத்தால் எல்லாம் நிறுத்தம். ஒவ்வொரு படியிலும் எதிரில் இருந்தவர் தனக்குத் தெரிந்ததை வைத்துச் சரியாகத்தான் செய்திருக்கிறார். யாரையும் குறை சொல்ல முடியவில்லை. எல்லாச் சீட்டையும் ஒரே மேசையில் வைத்துப் பார்க்க யாருக்கும் வாய்ப்பே வரவில்லை, அவ்வளவுதான். எங்களிடம் அவர் வந்த முதல் வருகையும் அந்த வரிசையில் இன்னொரு படியாகத்தான் சேர்ந்திருக்கும்.

இன்னொரு காரணமும் இருந்தது. அழுத்தம் இருக்கிறது என்று தெரிந்தால் ஊருக்கு அனுப்பிவிடுவார்கள் என்று அறையில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். பெர்மிட்டுக்கான மருத்துவப் பரிசோதனை பெரும்பாலும் காசநோய், எச்ஐவி போன்ற தொற்றுகளைத் தேடுவது. கட்டுப்பாட்டில் இருக்கும் ரத்த அழுத்தத்துக்காக ஒருவர் அனுப்பப்பட்டதை நான் பார்த்ததில்லை. அதேசமயம், முதலாளி நினைத்தால் பெர்மிட்டை ரத்து செய்யலாம் என்பதும் உண்மை. அந்தப் பயத்தை 'சும்மா' என்று ஒதுக்க எனக்கு மனமில்லை. "கம்பெனிக்குப் போற கடிதத்துல நோய் பேர் இருக்காது, எந்த வேலை பார்க்கலாம், எது கூடாதுன்னு மட்டும்தான் இருக்கும்" என்று கடிதத்தையே காட்டினோம். அதன்பின்தான் முழுதாகப் பேசினார்.

இரண்டாம் கட்ட முடிவுகள்

ரத்தப் பரிசோதனையில், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் 118 மைக்ரோமோல், சற்று அதிகம். பொட்டாசியம் 4.4, சரியான அளவு. சர்க்கரை இல்லை.

முதலில் டைக்லோஃபெனாக்கை நிறுத்தினோம். வலிக்குப் பாரசிட்டமாலும், முதுகுக்கான சில பயிற்சிகளும். பயிற்சி என்றதும் சிரித்தார். நாள் முழுக்கக் குனிந்து நிமிர்பவரிடம் குனிந்து நிமிரச் சொன்னால் சிரிப்பு வராமல் என்ன செய்யும். இயன்முறைச் சிகிச்சையாளர் பலகை தூக்கும் விதத்தை மாற்றிக் காட்டியபிறகுதான் காது கொடுத்தார்.

அம்லோடிபினை 5-லேயே வைத்து, லோசார்டான் 50 சேர்க்கப்பட்டது. இரண்டு மருந்தைக் குறைந்த அளவில் சேர்த்துக் கொடுத்தால் ஒன்றைக் கூட்டுவதைவிட நன்றாகக் குறையும், பக்கவிளைவும் குறைவு. லோசார்டான் வகை மருந்து அம்லோடிபினால் வரும் வீக்கத்தையும் கொஞ்சம் குறைக்கும். உலகச் சுகாதார நிறுவனத்தின் 2021 வழிகாட்டியும் கூட்டு மருந்தையே, முடிந்தால் ஒரே மாத்திரையாக, முதலிலிருந்தே கொடுக்கச் சொல்கிறது. எங்களிடம் அப்போது தனித்தனியாகத்தான் இருந்தது.

எப்போது சாப்பிடுவது என்பதற்கு நிறைய நேரம் செலவழித்தோம். காலை நான்கரைக்கு எழுந்து, குளிக்க வரிசையில் நின்று, லாரி பிடிக்க ஓடுபவர் காலையில் மாத்திரை எடுக்க மாட்டார். இரவு சாப்பாட்டுக்குப் பிறகு மனைவியோடு வீடியோவில் பேசுவது மட்டும் தவறுவதில்லை. அந்த அழைப்பில் மாத்திரையை வாயில் போட்டுக் காட்ட வேண்டும் என்று மனைவியே சட்டம் போட்டார். தன் சர்க்கரை மாத்திரையை அவரும் அதே நேரத்தில் போட்டுக்கொண்டார். இந்த ஏற்பாட்டில் எங்கள் பங்கு ஒன்றுமில்லை.

சாப்பாடு கடினமான விஷயம். கேட்டரிங் சாப்பாடு விடியுமுன்னே வந்து சேரும். மதியச் சோறு அந்தப் பொட்டலத்திலேயே மணிக்கணக்கில் இருக்கும். ருசி போன சோற்றை உள்ளே தள்ள ஊறுகாயும் அப்பளமும்தான் துணை. இரவு பசித்தால் இன்ஸ்டன்ட் மீ (நூடுல்ஸ்). ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் உப்பு என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் அளவு. உலகம் சராசரியாகச் சாப்பிடுவது அதைப்போல் இரு மடங்குக்கும் மேல். இவருடைய நாளில் அந்த 5 கிராம் மதியத்துக்கு முன்பே தாண்டிவிடும் என்பது என் கணிப்பு. கேட்டரிங்கை மாற்ற நம்மால் முடியாது. மீ பாக்கெட்டின் தூளில் பாதியைப் போடுவது, ஊறுகாயை ஒரு வேளைக்குக் குறைப்பது என்ற இரண்டோடு நிறுத்திக்கொண்டோம். வேர்க்கும் உடம்புக்கு உப்பு வேண்டுமே என்று கேட்டார். தண்ணீர்தான் முதலில் வேண்டும், சாதாரணச் சாப்பாட்டிலேயே உப்பு போதுமான அளவுக்கு மேல் இருக்கிறது என்று மருத்துவர் விளக்கினார்.

கம்பெனியின் பாதுகாப்பு ஒருங்கிணைப்பாளர் நல்லவர். அடுத்த சைஸ் பூட்ஸ் வாங்கித் தந்தார், கீழ்த்தளத்தில் வேலை போட்டார். ஆனால் கீழே இருந்த வாரங்களில் ஓடி (OT), அதாவது கூடுதல் நேர வேலை, இல்லை. மகளுக்குக் கல்லூரிக் கட்டணம் கட்டும் சமயம் அது. அதைப்பற்றி அவர் எங்களிடம் புகார் சொல்லவில்லை, மனைவி சொல்லித்தான் தெரியும்.

தொடர்ந்து நடந்தவை

ஒரு வாரத்தில் 164/102. நான்காவது வாரம் 146/92, வீக்கம் இல்லை, கிரியாட்டினின் 112. எட்டாவது வாரம் 138/86. மேலே ஏறி வேலை செய்ய அனுமதி கொடுக்கப்பட்டது.

பிறகு ஆள் காணாமல் போனார்.

அடுத்த தேதிக்கு வரவில்லை. நீண்டகால நோயாளிகளில் தேதி தவறியவர்களை வாரம் ஒருமுறை பட்டியலெடுத்துக் கூப்பிடுவது எங்கள் நிலையத்தின் வழக்கம். கூப்பிட்டால், வேலைத்தளம் தீவின் மறுகோடிக்கு மாறிவிட்டது, கம்பெனி வேறு விடுதிக்கு மாற்றிவிட்டது என்றார். அங்கே வேறு மருத்துவ நிலையம். விடுதி எந்த வட்டாரத்தில் இருக்கிறதோ அதைப் பொறுத்துத்தான் நிலையம் அமையும். 'புது இடத்துல காட்டுங்க' என்று யாரும் சொல்லவில்லை, அவருக்கும் தோன்றவில்லை. மாத்திரை தீர்ந்து இரண்டு வாரம் ஆகியிருந்தது.

ஒரு பக்கத்தில் அடங்கும் கடிதம் எழுதினோம்: நோய், மருந்துகளின் பொதுப்பெயர், அளவு, கடைசி ஐந்து அழுத்த அளவுகள், கடைசி ரத்தப் பரிசோதனை, கொடுக்கக் கூடாதவை. கடைசித் தலைப்பின் கீழ் டைக்லோஃபெனாக்கும் அந்த வகையைச் சேர்ந்த மற்ற வலி மாத்திரைகளும், அம்லோடிபின் 10-இல் வீக்கம் என்ற குறிப்பும். அதைப் புது நிலையத்துக்கு அனுப்பியதோடு, படமாக அவருடைய கைபேசியிலும் மனைவியின் கைபேசியிலும் போட்டோம். புது நிலையத்தில் அதைப் பார்த்து அதே மருந்தைத் தொடர்ந்தார்கள்.

ஊர் விடுப்பு

சில மாதங்கள் கழித்து இரண்டு மாத விடுப்பில் ஊருக்குப் போனார். கிளம்புமுன் ஒரு மாதத்துக்கான மாத்திரைதான் கையில் இருந்தது. மீதிக்கு ஆரம்பச் சுகாதார நிலையத்தில் காட்டச் சொல்லியிருந்தார்கள்.

மனைவிக்கு மாத்திரை கொண்டுவரும் தன்னார்வலர் அந்த மாதம் வந்தபோது அவரையும் உட்கார வைத்து அழுத்தம் பார்த்தார். கைபேசியில் இருந்த கடிதத்தைச் சுகாதார நிலையத்துச் செவிலியரிடம் காட்டி, அம்லோடிபின் 5 வாங்கினார். லோசார்டானுக்குப் பதிலாக அங்கே கையிருப்பில் இருந்த டெல்மிசார்டான் 40 கொடுத்தார்கள். இரண்டும் ஒரே குடும்பத்து மருந்து, ஒன்றுக்கு மற்றொன்று சரியான மாற்று. அதுவரை எல்லாம் ஒழுங்கு. உண்மையைச் சொன்னால், கடிதம் இவ்வளவு தூரம் வேலை செய்யும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

சிங்கப்பூர் திரும்பியதும் விடுதிப் பெட்டியில் மிச்சமிருந்த லோசார்டானைப் பார்த்தார். ஊர் மருத்துவர் ஒன்று, இங்கத்து மருத்துவர் ஒன்று, இரண்டு பேர் சொன்னதையும் மீறக் கூடாது என்று இரண்டையும் சாப்பிட்டார். பத்து நாளில் காலையில் எழுந்தால் தலை சுற்றல். வேலைத்தளத்தில் ஏணியில் கால் வைக்கும்போது கண் இருட்டியிருக்கிறது. நல்லவேளையாக, ஏறவில்லை. அப்படியே உட்கார்ந்து எனக்குத் தொலைபேசியில் கூப்பிட்டார்.

அன்றே புது நிலையத்தில் பார்த்தார்கள். அழுத்தம் 104/66, எழுந்து நின்றால் இன்னும் குறைந்தது. பொட்டாசியம் 5.3. ஒரே வகை மருந்து இரண்டைச் சேர்த்துச் சாப்பிட்டால் வரக்கூடியவைதான் இவை. லோசார்டான் நிறுத்தப்பட்டது, டெல்மிசார்டான் தொடர்ந்தது, பழைய மாத்திரைகள் எல்லாம் நிலையத்திலேயே வாங்கி வைக்கப்பட்டன. ஒரு வாரத்தில் பொட்டாசியம் 4.6, அழுத்தம் 128/80.

இன்றைய நிலை

முதல் வருகையிலிருந்து ஒன்றரை ஆண்டு. கடைசி மூன்று அளவுகளும் 140/90-க்குக் கீழே. சிறுநீரில் புரதம் மறைந்துவிட்டது, கிரியாட்டினின் ஏறவில்லை. உயரத்தில்தான் வேலை. ஊறுகாயைக் குறைத்ததாகச் சொல்கிறார், மனைவி நம்பவில்லை. சிகரெட் விடவில்லை. அதைப்பற்றிப் பேச்செடுத்தால் அடுத்த தேதியைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார். அவருடைய அறையில் தங்கியிருக்கும் இருவர் தாங்களாகவே வந்து அழுத்தம் பார்த்துக்கொண்டார்கள். ஒருவருக்கு அதிகமாக இருந்தது.

எது மாற வேண்டும்

'ஊழியர்களுக்கு விழிப்புணர்வு இல்லை' என்ற வரியோடு இந்த மாதிரி ஆய்வுகள் முடிவதை நிறையப் பார்த்திருக்கிறேன். இந்த மனிதருக்குத் தன் நோய் தெரியும், மாத்திரையின் பெயர் தெரியும், நிறுத்தியதற்குத் தெளிவான காரணமும் இருந்தது. அந்தக் காரணத்தைக் கேட்கும் இடம்தான் அமைப்பில் இல்லை. மருத்துவர் ஒவ்வொருவரையும் பத்து நிமிடத்துக்குள் பார்த்து அனுப்ப வேண்டிய நெருக்கடியில் அது நடக்காது. செவிலியரோ ஒருங்கிணைப்பாளரோ, நோயாளியின் மொழி பேசும் ஒருவர், அந்த நேரத்தைத் தன் வேலையாகவே வைத்திருக்க வேண்டும். ரத்த அழுத்தத்தைத் தொடர்ந்து கவனிக்கும் வேலையில் மருத்துவர் அல்லாத பணியாளர்கள் பெரும்பங்கு எடுக்கலாம் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டியே சொல்கிறது. தமிழ்நாட்டுத் தன்னார்வலர்கள் செய்வதும் அதைத்தான்.

எங்கள் நிலையத்தில் இப்போது அழுத்தம் குறையாத எவருக்கும் அளவைக் கூட்டுமுன் மாத்திரைப் பெட்டியை எடுத்துவரச் சொல்கிறோம். வலி மாத்திரையைப் பெயர் சொல்லிக் கேட்கிறோம், ஏனென்றால் முதுகுவலி மாத்திரையை யாரும் 'மருந்து' என்று கணக்கில் சேர்ப்பதில்லை. ஊருக்குப் போகிறவருக்குக் கடிதத்தோடு முழு விடுப்புக்குமான மாத்திரையைக் கொடுக்கப் பார்க்கிறோம். அழுத்தம் கட்டுக்குள் இருப்பவருக்கு மூன்று மாத மாத்திரையை ஒன்றாகக் கொடுப்பதில் மருத்துவ ரீதியாகத் தடை இல்லை. திரும்பி வந்த முதல் வாரத்தில் ஒரு முறை அழைத்து, அங்கே கொடுத்ததையும் இங்கே இருப்பதையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறோம். கடிதத்தில் ஒரு வரி கூடியிருக்கிறது: 'லோசார்டான், டெல்மிசார்டான் போன்று சார்டான் என்று முடியும் மாத்திரைகளில் ஒரு நேரத்தில் ஒன்று மட்டும்.' தமிழில், பெரிய எழுத்தில்.

எங்கள் கையில் இல்லாதவையும் இருக்கின்றன. விடுதி மாறும்போது நீண்டகால நோயாளியின் பதிவு அவரோடு தானாகப் போக வேண்டும். இப்போது யாராவது கூப்பிட்டுக் கேட்டால்தான் போகிறது. கம்பெனி மாறினால் இன்னும் மோசம், கைபேசி எண்ணும் சேர்ந்து மாறிவிடும். வெளிநாட்டில் வேலை செய்பவர் விடுப்பில் வரும் மாதங்களுக்கு மட்டும் ஊர்ப் பட்டியலில் சேர ஒரு வழி இருந்தால், தன்னார்வலரின் நல்ல மனதை நம்பி இருக்க வேண்டியதில்லை. இரண்டு நாட்டு அரசுகளும் கணினிகளை இணைக்கும்வரை காத்திருக்கவும் தேவையில்லை. மருந்தின் பொதுப்பெயர், அளவு, தேதி எழுதிய ஒரு பக்கம் போதும்.

அவருடைய பெர்மிட் அடுத்த ஆண்டு புதுப்பிக்க வருகிறது. அதற்குமுன் கம்பெனி மறுபடி விடுதியை மாற்றப்போவதாகப் பேச்சு. புது முகவரி தெரிந்ததும் சொல்லும்படி கேட்டிருக்கிறோம். மனைவியின் எண்ணும் எங்கள் பட்டியலில் இருக்கிறது.